பள்ளத்தைத் தாண்டி வந்தவன்

தோள்பட்டை அன்று காலையிலிருந்தே விண் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. வலது கையைக் காதுக்கு மேலே தூக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கல் சுமந்த வலி. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கதையைக் கேட்ட பலரும் நான் குடித்திருந்தேன், இல்லாவிட்டால் தூக்கக் கலக்கத்தில் எதையோ கண்டு உளறுகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். அன்று ஒரு சொட்டுக்கூட நான் குடிக்கவில்லை. வலி கண் அசரக்கூட விடவில்லை. 1973, நவம்பர் 13, செவ்வாய்க்கிழமை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

என் வீடு எல்லைக்குத் தெற்கே. வில்பர்ட் குரோசியரின் வீடு வடக்கே. நடுவில் ஒரு ஓடையும் ஒரு சாலையும். என் வாசலில் நின்று கத்தினால் அவன் வீட்டில் கேட்கும். நாங்கள் கத்தோலிக்கர், அவர்கள் புரோட்டஸ்டன்ட். அவன் நாடு ராணியுடையது, என் நாடு தனிக் குடியரசு. ஆனால் மழைக்கு முன்னால் புல்லை அறுத்துப் போர் போட வேண்டுமென்றால் இரண்டு ஆள் வேண்டும். அவன் எனக்கு ஒரு நாள் புல் அறுக்க வந்தால், நான் அவனுக்கு ஒரு நாள் உருளைக்கிழங்கு தோண்டப் போவேன். காசு பேச்சே கிடையாது. நன்றி சொல்வதும் கிடையாது. "எப்ப வரணும்?" என்று மட்டும் கேட்போம். அவன் ஒரு கிழமையைச் சொல்வான். போய்விட வேண்டும். அதில் தவறினவனை எங்கள் பக்கத்தில் மனிதனாகவே மதிக்கமாட்டார்கள்.

இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவனுக்காவது ஹேசல் என்று ஒரு அக்கா இருந்தாள். எனக்கு நாலு மாடும் ஒரு நாயும்தான்.

பிறகு ராணியின் ராணுவம் வந்து ஓடைக்கரையில் வெடி வைத்துச் சாலையைப் பிளந்தது. ராணியை எதிர்த்துச் சண்டை போடும் எங்கள் பக்கத்துத் துப்பாக்கிக்காரர்கள் அந்த வழியாகப் போய்வருகிறார்களாம். ஒரு வீடு கொள்ளும் அளவுக்குப் பள்ளம். அனுமதிக்கப்பட்ட சாலை வழியாகச் சுற்றினால் நானூறு கஜம் இருபது மைலாகிவிடும். எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் கல்லைக் கொட்டி மூடுவார்கள். திங்கட்கிழமை ராணுவ இயந்திரம் வந்து முன்னைவிட ஆழமாகத் தோண்டிவிட்டுப் போகும். நானும் வில்பர்ட்டும் ஓரமாக ஒரு நீளப் பலகையைப் போட்டு வைத்திருந்தோம். அதில் நடந்து போய்வருவோம்.

அந்தப் பலகையை எடுத்தது நான்தான்.

ஜூன் மாதம் விடியும் முன்பே சந்தைக்குப் போகும்போது வடக்கே ஒரு சோதனைச் சாவடியில் என்னை நிறுத்தினார்கள். விளக்கை முகத்தில் அடித்தவன் வில்பர்ட். அந்த ராணுவத்தின் பகுதிநேரப் படையில் சேர்ந்திருக்கிறான், எனக்குத் தெரியாது. சீருடையில் நின்றுகொண்டு, முப்பது வருஷமாகப் பழகியவனைப் பார்த்து, "பேர் என்ன?" என்று கேட்டான்.

நான் பேரைச் சொன்னேன். அவன் எழுதிக்கொண்டான்.

அன்று மாலையே பலகையை இழுத்து என் கொட்டகைக்குப் பின்னால் சாத்திவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. சாலையில் ஒரு சைக்கிள் மணிகூடக் கேட்பதில்லை. சில வாரம் நாயிடம் பேசியதைத் தவிர நான் வாயே திறந்ததில்லை.

சரி. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

மதியம் 12.40க்கு என் சிவப்புப் பசு முக்க ஆரம்பித்தது. மூடுபனி. கொட்டகையிலிருந்து வீடு தெரியவில்லை. எவ்வளவு நேரமாக முக்குகிறது என்று பார்ப்பதற்காக அலாரம் கடிகாரத்தை எடுத்து வந்து ஜன்னல் கட்டையில் வைத்தேன். இரண்டு மணிக்கு அது போட்ட அலறல் ஓடைக்கு அந்தப் பக்கமும் நிச்சயம் கேட்டிருக்கும். மூன்றரைக்குப் பனிக்குடம் உடைந்தது. கன்றின் ஒரு கால்தான் வெளியே தெரிந்தது. இன்னொரு கால் உள்ளே மடங்கிக் கிடந்தது. ஒருவன் கையை உள்ளே விட்டு அந்தக் காலை நிமிர்த்த வேண்டும். இன்னொருவன் கயிறு கட்டி இழுக்க வேண்டும். எனக்கோ ஒரு கைதான் வேலை செய்தது. டெலிபோன் மூன்று மைல் தள்ளி. மாட்டு டாக்டர் எல்லைக்கு அந்தப் பக்கம். அந்தப் பசு போனால் என் குளிர்காலமும் போச்சு. அதன் பாலில்தான் என் அடுப்பு எரிந்தது.

4.10க்கு அது அலறுவதை நிறுத்திவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

லாந்தரை ஏற்றினேன். வெளியே இருட்டிவிட்டது.

4.35. நாய் எழுந்தது. குரைக்கவில்லை. வாலை இடுக்கிக்கொண்டு தீவனத் தொட்டிக்கு அடியில் புகுந்தது. அப்படி அது ஒருநாளும் செய்ததில்லை.

"என்னடா யூஜின், உங்க போப்பாண்டவர் வந்து இழுத்து விடுவாருன்னு உக்காந்திருக்கியா?"

வாசலில் வில்பர்ட். சாம்பல் நிறக் கோட்டு. தோளில் மாட்டுக்கயிறு.

கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

"உங்க ராணியை எதிர்பாத்தேன். நீ வந்து நிக்கிற."

"அவங்களுக்கு இடுப்பு வலியாம். கயிறப் பிடி."

கயிற்றை வாங்கினேன். ஐஸ் போல இருந்தது. உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

"எந்த வழியா வந்த?"

"நேர் வழியா."

நேர் வழியில் பள்ளம். திங்கட்கிழமைதான் புதிதாகத் தோண்டியிருந்தார்கள். மழைத் தண்ணீர் ஆள் உயரத்துக்கு, விளிம்பைத் தொட்டு நின்றது. பலகை என்னிடம். நான் அவன் பூட்ஸைப் பார்த்தேன்.

காய்ந்திருந்தது. ஒரு துளிச் சேறு இல்லை.

கேட்கவில்லை. கேட்க நேரமில்லை. அவன் கோட்டைக் கழற்றவில்லை. கோட்டுக் கையைச் சட்டைக் கையோடு சேர்த்து மடித்துவிட்டு உள்ளே கைவிட்டான். பசு ஒரு தடவை உடம்பை உதறியது... சுடுதண்ணீர்க் குளியலின் நடுவில் பச்சைத் தண்ணீர் பட்டதுபோல. பிறகு ஆடாமல் நின்றது.

"கால் கிடைச்சிருச்சு. அது முக்கும்போது இழு. இப்ப இல்ல... இப்ப!"

இழுத்தேன். தோள் கழன்று விழுந்ததுபோல் வலித்தது.

லாந்தர் வெளிச்சத்தில் என் மூச்சு புகைபோல் வந்தது. பசுவின் மூச்சும் வந்தது.

அவனுக்கு வரவில்லை.

உற்றுப் பார்த்தேன். வாயைத் திறந்துதான் இருந்தான். மூச்சு வாங்கும் வேலை அது.

ஒன்றும் வரவில்லை...

"அன்னைக்கு பேரு கேட்டேன்ல," என்றான். என்னைப் பார்க்காமலே. "பக்கத்துல ஆபீசர் நின்னான். உன்னத் தெரியும்னு காட்டிட்டா, உன்னயும் துருவுவாங்க, என்னயும் துருவுவாங்க."

"விடுடா."

"பலகைய எடுத்துட்ட."

கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

5.20க்குக் கன்று விழுந்தது. கிடாரி. சிவப்பு. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் தேய்த்தேன். தும்மியது. பசு திரும்பி நக்க ஆரம்பித்தது. நக், நக் என்று அந்தச் சத்தம் மட்டும்தான். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"டீ போடறேன். ரொட்டியும் இருக்கு."

"வேணாம்."

அவன் கயிற்றைச் சுருட்டிக் கோட்டுக்குள் தோளில் மாட்டினான். பட்டனை ஒவ்வொன்றாகப் போட்டான். கீழிருந்து மேல் வரை. மெதுவாக. வெகு தூரம் போகிறவன் மாதிரி.

வழக்கப்படி கேட்டேன்: "எப்ப வரணும்?"

"வியாழக்கிழமை. காலையில. மண்வெட்டி எடுத்துட்டு வா."

"என்ன வேலை?"

நிமிர்ந்தேன். வாசலில் மூடுபனி மட்டும் இருந்தது.

காலடிச் சத்தமும் இல்லை.

அவன் நின்ற இடத்தில் வைக்கோலை மிதித்தேன். சளக் என்றது. அந்த ஓர் இடம் மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. என் மனதில் இருந்ததெல்லாம் பலகைதான். என் மாட்டுக்காக வந்தவன் இருட்டில் பள்ளத்தில் இறங்கிப் போகிறானே என்று இருந்தது. பலகையை இடது தோளில் போட்டுக்கொண்டு, லாந்தரோடு ஓடினேன்.

5.45. பள்ளம்.

"வில்பர்ட்!"

இல்லை.

"வில்பர்ட்! பலகை போடறேன், நில்லுடா!"

மூடுபனி என் குரலை அப்படியே விழுங்கியது. தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. கரைச் சேற்றில் என் பக்கம் ஒரு கால்தடமும் இல்லை. வந்ததும் இல்லை. போனதும் இல்லை.

பலகையைத் தள்ளினேன். அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது.

டொக்.

கீழே ஏதோ... மெதுவாகப் பலகையின் அடியில் வந்து இடித்தது.

டொக்.

லாந்தரைக் கீழே காட்டவில்லை. காட்டியிருக்க வேண்டும்.

ஓடிவிட்டேன்.

மறுநாள் காலை 8 மணிக்கு ரோந்து வந்த சிப்பாய்கள் பலகைக்கு நேர் கீழே வில்பர்ட்டைக் கண்டெடுத்தார்கள். பலகையைப் போட்டது யார் என்று இரு பக்கமும் விசாரித்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. என் வீட்டிலிருந்து போகும்போது விழுந்திருக்கிறான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். அதைத் தாங்கவே என்னால் முடியவில்லை.

வியாழக்கிழமை அடக்கம். எங்கள் ஊர்களில் கல்லறைக்குக் குழி தோண்டுவது அக்கம்பக்கத்தார் வேலை. விடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பலகையைச் சிப்பாய்கள் கொண்டுபோய்விட்டார்கள். நாற்சந்தி வழியாகத்தான் போக வேண்டும். அங்கே எங்கள் பக்கத்து ஆட்கள் ஐந்தாறு பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

"என்ன யூஜின், மண்வெட்டியோட காலங்காத்தால?" என்றான் ஒருவன்.

"சிப்பாய்க்குக் குழி வெட்டப் போறான்போல," என்றான் இன்னொருவன். "பாத்துடா, ரெண்டு குழியா வெட்டிடப் போறாங்க."

சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாய்க்கால் அடைச்சிருக்கு," என்றேன். திரும்பி வந்து, அடைக்காத வாய்க்காலைப் பொழுது சாயும்வரை வெட்டினேன்.

மார்ச் மாதம் மாட்டுச் சந்தையில் ஹேசல் என்னைத் தேடி வந்தாள். மெலிந்திருந்தாள்.

"நாலு மண்வெட்டி எடுத்து வச்சேன் யூஜின். மூணு பேர்தான் வந்தாங்க," என்றாள்.

நான் தரையைப் பார்த்தேன்.

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ரெண்டு மணிக்கு உன் மாடு கத்துச்சு. 'யூஜின் தனியா கெடந்து சாவான்'னு கயித்த எடுத்துட்டுக் கெளம்பினான். ரெண்டேகாலுக்கு அவன் பள்ளத்துல எறங்கறதத் தபால்காரி பாத்திருக்கா. அவன் மறுபடி ஏறுனத யாரும் பாக்கல. டாக்டரும் ரெண்டரைக்கெல்லாம் உயிர் போயிருக்கும்னுதான் சொல்றாரு."

ரெண்டரை.

"ஆனா கயிறு அவன் கோட்டுக்குள்ள இருந்துச்சு. பட்டன் எல்லாம் போட்டபடி. போலீஸ்காரங்க அவிழ்த்துக் குடுத்தாங்க. அதுல ரத்தம். கன்னுக்குட்டி மயிரு ஒட்டியிருந்துச்சு யூஜின்... சிவப்பு மயிரு. எங்ககிட்ட இருக்கறது எல்லாமே கறுப்பு மாடு."

அவள் என் கையைப் பிடித்தாள்.

"அவன் உன் வீட்டுக்கு வந்தானா?"

சுற்றிலும் எங்கள் பக்கத்து ஆட்கள் நின்றார்கள். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

"வரல," என்றேன்.

ஹேசல் போய்ச் சேர்ந்து இருபது வருஷமாகிறது. பள்ளத்தை மூடித் தார் போட்டுவிட்டார்கள். வண்டிகள் அது எந்த இடம் என்றே தெரியாமல் போகின்றன. நான் இன்னும் இங்கேதான் தனியாக இருக்கிறேன். நவம்பரில் மூடுபனி இறங்கினால், நாலரை மணிக்கே கொட்டகைக் கதவைத் தாழ்போட்டுவிடுவேன்.

வில்பர்ட் குரோசியருக்கு நான் ஒரு நாள் வேலை தர வேண்டும். இன்னும் தரவில்லை.