நான் சத்தத்தைக் கூட்டிய ஞாயிற்றுக்கிழமை

இனி இதை எழுதினால் யாருக்கும் கெடுதல் இல்லை, ஊர்ப் பேரை மட்டும் போட்டுராதீங்க என்று அந்த அக்காவே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எனக்கு வேலை கிடைத்தபோது எங்கள் வீட்டில் கலெக்டர் வேலை கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டார்கள். அப்பாவும் அம்மாவும் முத்தையாபுரத்துக்குப் பக்கத்து உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்தவன் நான் ஒருவன்தான். பாலிடெக்னிக்கும் முடித்திருந்தேன். மகன் வெயிலில் நிற்க வேண்டியதில்லை, கடைக்குள் ஏசி ஓடுகிறது என்பதே அம்மாவுக்குப் போதும்.

கடையில் ஒரு சரக்கு மட்டும் நகரவே இல்லை. ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர். சோற்று டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதை டிவியோடு இணைத்துவிட்டால் டிவியே கம்ப்யூட்டராகிவிடும். படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், டிவிக்கு மேலே கேமராவை மாட்டினால் வெளிநாட்டில் இருப்பவரோடு ஹாலில் உட்கார்ந்தே பேசலாம். வருகிறவர்கள் தொட்டுப் பார்ப்பார்கள், நல்லாருக்கு என்பார்கள், பக்கத்துக் கடையில் டேபிள் ஃபேன் வாங்கிக்கொண்டு போவார்கள்.

கடை அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. "ஏலே, நீ படிச்ச பயதான? ஏன் வாங்க மாட்டேங்காங்கன்னு ஆளாளுக்குச் சொல்லுதத எழுது. எதுக்கு என்ன பதிலுன்னு பக்கத்துலயே எழுதி வையி. பதில் இல்லாத கேள்வி இருக்கக் கூடாது, பாத்துக்க."

எழுதினேன். நோட்டின் இடது பக்கம் காரணம், வலது பக்கம் பதில். கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு எவன் படம் பார்ப்பான் என்று ஒருவர் கேட்டார். கையடக்கமான சின்னது இருக்கிறது என்று பதில். உள்ளே சுற்றுகிற காத்தாடி இரைச்சல் போடுமே என்றார் ஒரு வாத்தியார். பிள்ளைகள் கெட்டுப்போகும் என்றார்கள், ரிப்பேர் என்றால் எவனைத் தேடுவது என்றார்கள். உப்புக் காற்றில் போர்டு துருப்பிடித்துவிடும் என்பதைத்தான் நிறையப் பேர் சொன்னார்கள், எங்கள் பக்கத்தில் சைக்கிளே இரண்டு வருஷம் தாங்காது. அதற்கும் ஒரு பதில் கண்டுபிடித்தேன். பரீட்சைக்குப் படிப்பதுபோல எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். காரணம் என்பது பதில் தெரியாதவரை மட்டும் நிற்கிற ஒரு தடுப்பு என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

ஒரு பெரியவர் மூன்று தடவை வந்தார். வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். வெள்ளைச் சட்டை, சவரம் செய்த முகம், கையில் மட்டும் கயிறு அறுத்த தழும்புகள். ஒரே மகன் வெளிநாட்டுக் கப்பலில் வேலை பார்க்கிறான் என்பதைக் கடைக்குள் நுழைந்ததும் சொல்லிவிடுவார். மகனைப் பெரிதாக டிவியில் பார்க்க வேண்டும், அதுதான் ஆசை.

"போன்ல பாத்தா தீப்பெட்டிப் படம் மாதிரி இருக்கான் தம்பி. பேசுறதும் எங்க கையிக்கு வரதுக்குள்ள கட்டாயிருது. கப்பல் கரையப் புடிச்சாத்தான சிக்னலு."

மூன்று தடவையும் கூடவே மருமகள் வந்தார். முப்பது வயதிருக்கும். அவர்தான் அந்த அக்கா. முதல் தடவை கரண்ட் பில் என்றார். பதில் சொன்னேன். அடுத்த தடவை உப்புக் காற்று என்றார். அதற்கும் சொன்னேன். மூன்றாவது தடவை பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றவர், "போன்லயே பேசிக்கிடலாம் மாமா. எதுக்கு இது?" என்றார். நான் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன். அதை அவர் பார்த்தார்.

"என்னத்த எழுதுதிய தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா. வாங்கத் தயங்குறவங்க என்ன சொல்றாங்கன்னு…"

"ஓ" என்றார். அவ்வளவுதான்.

அவர்கள் போனதும் அண்ணாச்சி சொன்னார்: "கெழவருக்கு ஆசை வந்துட்டு. அந்தப் பிள்ளைதான் இழுத்தடிக்கு. பெட்டியத் தூக்கிட்டு நேர வீட்டுக்கே போ. மாட்டிக் காட்டு. மவன் மூஞ்சிய டிவியில பாத்துட்டா அப்புறம் கழட்ட விடுவாங்களா?"

ஞாயிற்றுக்கிழமைதான் தோது. கடற்கரை ஊர்களில் ஞாயிறு யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினேன்.

ஹாலில் பெரியவரும் அவர் மனைவியும் பூசைக்குப் போன உடுப்போடேயே உட்கார்ந்திருந்தார்கள். டிவிக்கு மேலே மாதா படம், அதனடியில் சின்ன கரண்ட் விளக்கு. குசினியிலிருந்து மீன் குழம்பு வாசனை. அக்கா அங்கேதான் இருந்தார், வெளியே வரவில்லை. நான் வயர்களை மாட்டிக்கொண்டே பேசினேன். நன்றாகப் பேசுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. பெரியவரின் மனைவி, "எம்மாடி, இந்தப் பிள்ளைக்கு என்னா அறிவு!" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

கேமராவை மாட்டுவதற்கு முன்னால் மகனுடைய நம்பர் இருக்கிற போனைக் கம்ப்யூட்டரோடு சேர்க்க வேண்டும். அக்காவின் போனைக் கேட்டேன். அவர் கரண்டியோடு வந்து நின்றார்.

"என் போன் எதுக்கு? மாமா போன்ல சேருங்க."

"அவன் எனக்கு எங்க கூப்புடுதான்? எல்லாம் உனக்குத்தான" என்றார் பெரியவர், சிரித்துக்கொண்டே.

"சார்ஜ் இல்ல மாமா."

"சார்ஜர் எங்கிட்ட இருக்குக்கா" என்றேன்.

"தம்பி, நான் பேசுறது போன்லயே இருந்துட்டுப் போகட்டும். நீங்க படம் பாக்குறதுக்கு மட்டும் மாட்டிக் குடுங்க."

அதோடு விட்டிருக்கலாம். ஒரு பெண் மூன்று விதமாக வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எனக்கோ ஒவ்வொன்றும் இடது பக்கத்துக் காரணமாகத்தான் பட்டது, வலது பக்கத்தை நிரப்ப வேண்டும். "உங்க வீட்டுக்காரரோடதானக்கா பேசப் போறீங்க? மாமா மாமிகிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றேன்.

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை, மருமகளைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு அக்காவால் என்ன செய்ய முடியும்? போனை என் கையில் வைத்தார். அது அடுப்புச் சூட்டிலோ என்னவோ வெதுவெதுப்பாக இருந்தது.

இரண்டு நிமிஷத்தில் சேர்த்துவிட்டேன். கேமராவை உறையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தபோது ஹால் முழுக்க மணி ஒலித்தது. டிவியில் அக்காவின் கணவர் பெயரும் முகமும். போனும் அதே நேரத்தில் அதிர்ந்தது. குசினிக்குத் திரும்பியிருந்த அக்கா ஓடி வந்தார். "எடுக்காதீங்க, எடுக்காதீங்க" என்றார். நான் அதை வெட்கம் என்று நினைத்தேன். இதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்குமா? மவுசை நகர்த்தி அழைப்பை எடுத்துவிட்டேன்.

மகனின் முகம் டிவி முழுக்க வந்தது. பெரியவர் எழுந்தே விட்டார். கேமராவும் அதிலேயே இருக்கிற மைக்கும் இன்னும் மாட்டாததால் மகனுக்கு எங்கள் பக்கம் இருட்டாகத்தான் தெரிந்திருக்கும், சத்தமும் போயிருக்காது. மகன் மெதுவாக ஏதோ சொன்னார், சரியாகக் கேட்கவில்லை.

நான் சத்தத்தைக் கூட்டினேன்.

"ஏளா, இருட்டா இருக்கு. சிக்னல் இல்லியோ? பரவால்ல. மாடிக்கு வந்துட்டியா? ஞாயித்துக்கெழம கூப்புடாதன்னு சொன்ன. கப்பல் இப்பவே கெளம்புது, அதான்…"

எல்லா ஸ்பீக்கரிலும் தெளிவாக வந்தது. சரக்கு நல்ல சரக்கு என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த ஒரு கணத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"முடியலளா. எங்க கப்பல்ல அந்தப் பையன் தண்ணியில விழுந்ததுலருந்து தூக்கமே இல்ல. ரெயிலிங் பக்கம் போனாலே கையி நடுங்குது. கடலப் பாத்தா பயமா இருக்கு. நான் யாரு மவன், எனக்குப் போயி கடலப் பாத்துப் பயம்! அப்பாட்ட மட்டும் சொல்லிராத. அவரு மூஞ்சில நான் எப்படி…"

அவர் அழுதார். முன்னால் நிற்கிற அப்பாவின் முகத்தைவிடப் பெரிதாக, திரை முழுக்க, மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதார். நான் மவுசை இழுத்தேன். அம்புக்குறி எங்கே போனது என்று தெரியவில்லை. அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு போய் பிளக்கைப் பிடுங்கினார். டிவி, பெட்டி, மாதா படத்தடி விளக்கு எல்லாம் ஒன்றாக அணைந்தன.

போனை எடுத்துக்கொண்டு அக்கா மாடிப்படியில் ஏறினார். மேலே அவர் பேசுவது கேட்டது. "சிக்னல் போயிட்டு… ஆமா, ஒண்ணும் கேக்கல, இப்ப சொல்லுங்க." சாதாரணக் குரலில் சொன்னார்.

பெரியவரின் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் வயர்களைக் கழற்ற ஆரம்பித்தேன். பெரியவர் குனிந்து ஒரு வயரை எடுத்தார். கட்டை விரலுக்கும் முழங்கைக்குமாக, வள்ளத்துக் கயிற்றைச் சுற்றுவதுபோல ஒழுங்காகச் சுற்றினார். முடிச்சுப் போட்டு என் பெட்டிக்குள் வைத்தார். அடுத்த வயரை எடுத்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் வாசலைத் தாண்டும்போது அக்கா படியிறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது.

"தம்பி, அந்த நோட்டக் கொண்டாரலியா? எழுதிக்கிடுங்க. இதுக்கு என்ன பதிலுன்னு எனக்கும் சொல்லுங்க."

திங்கட்கிழமை கடையில் அண்ணாச்சி கேட்டார். "என்னலே ஆச்சு?"

"உப்புக் காத்துன்னு பயப்படுதாங்க அண்ணாச்சி."

"அதுக்குத்தான் பதில் இருக்கே!"

"சொன்னேன். கேக்கல." நோட்டிலும் அப்படியே எழுதினேன். அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருக்க ஒரு பொய்யை அழகான கையெழுத்தில் எழுத என் படிப்பு எனக்கு உதவியது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பெரியவர் தனியாக வந்தார். அன்று வேலை நாள். கடலுக்குப் போகாமல் வந்திருக்கிறார். அண்ணாச்சி சாப்பிடப் போகும்வரை எதிரே டீக்கடையில் நின்றிருக்கிறார், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கண்ணாடி மேசைமேல் ஒரு பையை வைத்தார். சீலா மீன் கருவாடு. நல்ல துண்டுகளாகப் பார்த்துக் கட்டியிருந்தார்.

"தம்பி, அன்னைக்கு நடந்தத யார்ட்டயும்…"

"சத்தியமா சொல்லலய்யா."

"எங்க ஊருப் பயலுவ இந்தக் கடைக்கு வாரானுவ, அதான். கடலப் பாத்துப் பயந்தான்னு ஒரு சொல்லு வந்துட்டா அவன் ஊருக்குள்ள நடக்க முடியாது." பையை என் பக்கம் நகர்த்தினார். "அதுகூடப் பரவால்ல. நான் கேட்டுட்டேன்னு அவனுக்குத் தெரிஞ்சிரக் கூடாது. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சித்தான் வீட்டுக்கு வருவான். தெரிஞ்சா வரவே மாட்டான் தம்பி. அங்கனயே இருந்துருவான்."

என் அப்பா வயது அவருக்கு. கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று, நான் கொடுக்கப்போகும் வார்த்தைக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கருவாட்டை வேண்டாம் என்றால் வாக்கையும் தர மாட்டேன் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். வாங்கிக்கொண்டேன். அவர் மூச்சு விட்டார். போகும்போது அந்தக் கறுப்புப் பெட்டி இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அன்று அம்மா அந்தக் கருவாட்டைப் பொரித்தாள். அப்பா உப்பளத்திலிருந்து வந்து, காலில் உப்புக் கீறல்களுக்கு எண்ணெய் தடவிவிட்டு உட்கார்ந்தார்.

"யாருலே குடுத்தா? நல்ல சீலாவால்லா இருக்கு."

"கடைக்கு வர்ற ஒருத்தர்ப்பா."

"சும்மா எவன் குடுப்பான்? நீ என்னமோ நல்லது செஞ்சிருக்க." அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். "பாத்தியா, படிச்சா மரியாத தானா வரும்."

அம்மா இன்னொரு துண்டை என் தட்டில் வைத்தாள். பாலிடெக்னிக் ஹாஸ்டலில் முதல் வருஷம், இங்கிலீஷில் நடக்கும் பாடம் ஒன்றும் புரியாமல், திரும்பி வந்துவிடுகிறேன் என்று போனில் அழுதவன் நான். அம்மா போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால், சத்தம் கேட்காத தூரத்துக்கு நடந்துபோய்க் கேட்டாள். அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. அதாவது, தெரியாது என்றுதான் நானும் அம்மாவும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த மகன் வீட்டுக்கு வந்தார், கப்பல் வேலையையும் விட்டுவிட்டார், அப்பாவிடம் தானே வாய் திறந்து சொன்னார் என்று போன மாதம் கடைக்கு வந்த அக்கா சொன்னார். "மாமா அப்பத்தான் மொதமொத கேள்விப்படுற மாதிரி கேட்டுக்கிட்டாங்க தம்பி" என்றார்.

அந்த நோட்டு இன்னும் கடையில் இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அண்ணாச்சி அதைப் படிக்கக் கொடுக்கிறார். என் கையெழுத்தை மெச்சுகிறார்கள்.