ஒரு பிரியதத்தம் சொல்லும் நேரம்

மலாயாவின் சிலிம் ரிவர் பட்டணத்திலிருந்து ஆறு மைல் உள்ளே போனால் வரும் அந்த ரப்பர் தோட்டத்தில், லூர்துசாமியைக் கொடுத்து வைத்தவன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் போய் நிற்க வேண்டாம். அட்டைக்கடியில் பால் மரம் வெட்ட வேண்டாம். துரை பங்களாவில் நிழலில் வேலை. ஊர் வாய்க்கு என்ன, சொல்லிவிட்டுப் போகும். அவன் வேலை பார்த்த குளியலறை எட்டடிக்கு ஆறடி. அதற்குள் ஒரு மனிதனைப் பூட்டே போடாமல் ஐந்து வருஷம் அடைத்து வைத்திருந்தார்கள். அதில் முதல் தாழ்ப்பாளைப் போட்டவன் அவனேதான் என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

கீசர் கப்பலில் வந்து இறங்கியது 1921இல். ஆள் உயரச் செம்புக் கொப்பரை. அடியில் தீ எரிந்தால் உள்ளே சுருள் குழாயில் ஓடும் தண்ணீர் கொதித்துக் கொட்டும். அதுவரை குசினியில் தண்ணீர் காய்ச்சி, மண்ணெண்ணெய் டின்னில் குளியலறைக்குச் சுமந்தவன் லூர்துசாமி. மரம் வெட்டிலிருந்து தப்பி அந்த வேலைக்கு வந்தே ஆறு மாதந்தான் ஆகியிருந்தது. கொப்பரையைப் பார்த்துவிட்டுத் தன் கையிலிருந்த காலி டின்னைப் பார்த்தான். இனித் தண்ணீர் சுமக்க ஆள் எதற்கு? மறுபடி மரத்துக்குத்தான்.

ஆகவே ஈப்போவிலிருந்து வந்து அதைப் பூட்டிய மெக்கானிக்கின் பின்னாலேயே இரண்டு நாள் நிழலாகத் திரிந்தான். பங்களாவுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அங்கே இரும்புத் தொட்டிக்குள் கார்பைட் கல்லின் மேல் தண்ணீர் சொட்டும். பூண்டு நாற்றத்தோடு வாயு கிளம்பிக் குழாய் வழியே குளியலறைக்கு வரும். கல் அள்ளிப் போடுவது, அடியில் சேரும் சுண்ணாம்புச் சேற்றை வாரிக் கொட்டுவது, தீ வரும் துளைகளை ஊசியால் குத்திவிடுவது, கரி பிடித்த சுருளைத் தேங்காய் நாரால் தேய்ப்பது, ஒழுகும் இடத்துக்கு ஈயம் வைப்பது, எல்லாம் அவன் கைக்கு வந்தது.

பற்றவைப்பதுதான் ஆளைக் கொல்லும் வேலை. முதலில் ஜன்னலைத் திறக்க வேண்டும், பிறகு தண்ணீரை, பிறகு வாயுவை. உடனே குச்சியைக் கிழித்தால் குழாயில் நிற்கும் காற்றோடு சேர்ந்து தீ உள்பக்கம் ஓடி 'டப்'பென்று வெடிக்கும். தாமதித்தால் கொப்பரைக்குள் வாயு சேர்ந்து முகத்தைப் பொசுக்கும். கடிகாரம் இல்லாத லூர்துசாமி தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தான். வாயுவைத் திருப்பியதும், கோயிலில் மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தை முணுமுணுக்கத் தொடங்குவான். கடைசி வரியில் 'இப்பொழுதும்' என்ற சொல் வரும்போது குச்சியைக் கிழிப்பான். நீலத் தீ சமர்த்தாக வட்டம் போட்டு உட்காரும். அந்த அறையில் அவன் அந்த மந்திரத்தை ஒரு நாளும் ஆமென் வரை சொன்னதில்லை.

முதல் வருஷமே துரை, குசினிக்காரர் சதாசிவத்துக்கும் பழக்கிக் கொடுக்கச் சொன்னார். இரண்டு பேருக்குத் தெரிந்தால் ஒருவன் அதிகம் அல்லவா? அன்று லூர்துசாமி மெழுகுவத்தி மெழுகை உருட்டி நாலைந்து துளைகளில் அடைத்து வைத்தான். சதாசிவம் பற்றவைத்ததும் தீ கோணிக்கொண்டு சீறி அவருடைய மீசையில் பாதியைக் கொண்டுபோனது. "இது பேய் புடிச்ச சாமான்லா. வேதக்காரன் மந்திரத்துக்குத்தான் கட்டுப்படும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். லூர்துசாமி மெழுகைச் சுரண்டி எடுத்தான். சின்னத்தனந்தான். ஆனால் மரம் வெட்டி முதுகு வளைந்தவனுக்கு அப்போது அது பாவமாகத் தோன்றவில்லை.

பாவம் ஐந்து வருஷம் கழித்துத்தான் வீடு தேடி வந்தது. தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டில் அவனுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டையும் காய்ச்சல் கொண்டுபோயிற்று. மூன்றாவது வயிற்றில் தங்கியதும் மனைவி கெர்ட்ரூட் பெட்டியைக் கட்டினாள்.

"நான் லகாட்டுக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். இங்க மூணாவது குழி தோண்ட நான் விடமாட்டேன். நீங்க அங்க வாங்க, குடும்பமா இருக்கலாம். நான் திரும்பி வரமாட்டேன்" என்றாள். அழவில்லை. அதுதான் அவனை உலுக்கியது.

அவளுடைய அண்ணன் மத்தியாஸ் லகாட் ஈயச் சுரங்கத்தில் பம்பு வீட்டு ஆள். மச்சானுக்கும் அங்கே ஓர் இடம் கேட்டு வைத்து எழுதினான்: ஈஸ்டர் கழிந்த திங்கள் வரைக்கும் காத்திருப்பார்கள், பழைய துரையின் நற்சாட்சிச் சீட்டோடு வரவேண்டும், சீட்டில்லாதவனை இயந்திரத்தின் பக்கத்தில் விடமாட்டார்கள்.

லூர்துசாமி துரை முன்னால் போய் நின்றான். துரை தோட்டத்துத் தமிழிலேயே பதில் சொன்னார்: "நீ போறது சரி. சுடுதண்ணி யாரு குடுக்கிறது? வேற ஆளுக்கு நல்லா படிச்சுக் குடு. அவன் என் முன்னால பத்தவைக்கட்டும். அப்புறம் சீட்டு."

சதாசிவம் குளியலறைப் பக்கமே தலைவைத்துப் படுக்கத் தயாராக இல்லை. மிஞ்சியவன் பங்களாவின் பூச்செடிகளைப் பார்க்கும் சன்னாசி. மண்ணைத் தொட்டால் துளிர்க்கும் கைக்காரன். மூன்று வாரம் லூர்துசாமி ஒளிவு மறைவில்லாமல் அத்தனையும் காட்டிக்கொடுத்தான். மந்திரத்தில்தான் முட்டிக்கொண்டது.

"அண்ணே, மாதா பேரு என் வாயில வந்தா முனியாண்டி சும்மா விடமாட்டாரு" என்றான் சன்னாசி.

"அது சாமிக்கு இல்லடா, நேரத்துக்கு."

"அப்ப எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன்."

பங்களாப் படியோரம் இருபத்திரண்டு பூந்தொட்டிகள். தண்ணீர் ஊற்றும் வரிசையில் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். ரோஜா, ரோஜா, செம்பருத்தி என்று தொடங்கி, கடைசித் தொட்டியான வெள்ளை அரளியில் முடித்தால் சரியாக 'இப்பொழுதும்'. நாலு நாள் தொடர்ந்து பற்றவைத்தான். நாலு நாளும் நீலத் தீ. லூர்துசாமி லயத்துக்கு ஓடிப்போய்த் தன் இரண்டு வேட்டிகளையும் துவைத்துக் காயப்போட்டான். லகாட்டில் இறங்கும்போது அழுக்காக இருக்கக்கூடாதே.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் காலையில் துரை வந்து வாசலில் நின்றார். சன்னாசி ஜன்னலைத் திறந்தான், தண்ணீரைத் திறந்தான், வாயுவைத் திருப்பினான். உதடு அசைந்தது. வெளியே நின்ற லூர்துசாமி கூடவே எண்ணினான். எட்டாவது தொட்டி. சன்னாசி தலையைத் திருப்பி அவனை ஒரு பார்வை பார்த்தான். ஒன்பதாவது தொட்டி வரவில்லை. குச்சியைக் கிழித்தான்.

'டப்'பென்ற சத்தத்தில் துரை நாலடி பின்வாங்கினார். "தூ! லூர்துசாமி, நீயே பத்தவை."

பற்றவைத்தான். தீ வட்டமாக உட்கார்ந்தது.

"இவன்தான் ஆளு. இவன் எங்கயும் போறதில்லை" என்று சொல்லிவிட்டுத் துரை தேநீர் குடிக்கப் போனார்.

கொட்டகைக்குப் பின்னால் லூர்துசாமி சன்னாசியின் சட்டையைப் பிடித்தான். "எட்டாவதுல நிறுத்திட்டியேடா பாவி. வேணும்னேதானே செஞ்ச?"

சன்னாசி மறுக்கவில்லை. "உங்களப் பார்த்துட்டுத்தான் அண்ணே. இன்னைக்கு நான் பத்தவச்சா நாளைக்கு எனக்கு யாரு சீட்டு குடுப்பா? எனக்கும் பொண்டாட்டி இருக்கா. எனக்கும் ஒரு நாளு எங்கயாச்சும் போகணும்னு தோணும்லா."

ஓங்கிய கை கீழே இறங்கியது. அடிக்க அவனுக்கு என்ன யோக்கியதை? அவன் நகக்கண்ணில் அந்தப் பழைய மெழுகு இன்னும் ஒட்டியிருப்பது போல உறுத்தியது. சன்னாசியாவது முகத்துக்கு நேரே சொன்னான். லூர்துசாமி சதாசிவத்திடம் அதைக்கூடச் சொன்னதில்லை.

ஈஸ்டர் திங்கள் வந்தது, போனது. பத்து நாள் கழித்து மத்தியாஸ் எழுதினான்: பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம், பம்பு வீட்டுக்கு வேறு ஆள் வைத்துவிட்டார்கள். அடியில் கெர்ட்ரூட் சொல்லி எழுதவைத்த ஒரு வரி. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க அப்பன் வேண்டாமா, எப்போது வருகிறீர்கள்?

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, கடிதத்தை மடியில் செருகிக்கொண்டு அவன் குளியலறைக்குள் போனான். ஜன்னல், தண்ணீர், வாயு. பிரியதத்தத்தைத் தொடங்கினான். 'இப்பொழுதும்' வந்தது. கை அசையவில்லை. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அதை நேரத்துக்காக இல்லாமல் மாதாவிடம் கேட்பதற்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். என்னை இங்கிருந்து எடுத்துவிடு தாயே என்று நெஞ்சு உருக ஆமென் வரை சொல்லி முடித்தான். பழக்கத்தில் கை குச்சியைக் கிழித்தது.

கொப்பரை அதிர்ந்தது. புருவமும் முன்மயிரும் பொசுங்கின. தட்டுத்தடுமாறிக் கண்ணைத் திறந்தபோது கீழே நீலத் தீ எப்போதும் போல வட்டமாக எரிந்துகொண்டிருந்தது.

"என்னா சத்தம்? தண்ணி சுடுதா?" என்றார் துரை வெளியிலிருந்து.

லூர்துசாமி குழாயடியில் கையை வைத்துப் பார்த்தான்.

"சுடுது தொரே."