சிந்தத் தெரியாத விமானி

ஒட்வாரின் வலது தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு. ஒன்பது வருஷமாக இருக்கிறது. சௌனா என்கிற நீராவிக் குளியல் அறையில் உட்கார்ந்தால் சிவந்து எரியும். எரிகிறபோதெல்லாம் ஐலிஃபின் பெயரைச் சொல்லி ஒரு வசை. தழும்புகூடப் போகட்டும். ஊர்ப் பத்திரிகைக்காரன் வந்து, இராணுவ விமானி ஆகிவிட்டாயே, யாருக்கெல்லாம் நன்றி சொல்வாய் என்று கேட்டபோது, ஐலிஃப் அப்பாவைச் சொன்னான், அதிகாரிகளைச் சொன்னான், வீட்டு நாயைக்கூடச் சொன்னான். நாய் என்ன செய்தது? கரையில் நின்று குரைத்தது. தொடையைக் கொடுத்தவனுக்கு அரை வரி இல்லை.

நார்வேயின் வடகோடி, ஃபின்மார்க்கில் ஓர் ஏரிக்கரை. அங்கே குன்வோர் என்பவளுக்கு, சக்கரத்துக்குப் பதில் மிதவை வைத்த விமானங்கள் இரண்டு. கோடையில் மீன் பிடிக்கிறவர்களை மலை ஏரிகளுக்குக் கொண்டு விடுவாள். இலையுதிர் காலத்தில் வேட்டைக்காரர்களையும் அவர்கள் சுட்ட எல்க் மான் கறியையும் ஏற்றி வருவாள். ஒட்வார் அங்கே மெக்கானிக். பள்ளிக்கூடம் ஏழு வருஷம், எண்ணெய்க் கறை முப்பது வருஷம்.

மீன் பதனிடும் கூடத்து மேஸ்திரியின் மகன் ஐலிஃப், தெற்கே ஒரு தனியார் பள்ளியில் இரண்டு வருஷம் பறக்கக் கற்று, உரிமம் வாங்கிக்கொண்டு அங்கே வேலைக்கு வந்தான். தோளில் தங்கப் பட்டை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. அந்தக் கரையில் கடற்காக்கைகள்தான் அவனுக்கு சல்யூட் வைக்க வேண்டும். ஒட்வார் அவன் கையில் பம்பைக் கொடுத்தான். மிதவைகளுக்குள் இரவில் தண்ணீர் கசியும். விடிந்ததும் அதைக் கையால் இறைக்க வேண்டும். தங்கப் பட்டைக்காரன் குப்புறப் படுத்து இறைத்தான்.

குன்வோரிடம் ஒரு சட்டம் உண்டு. புது விமானி பறக்கும்போது முன் பலகையில் ஒரு கோப்பைக் காப்பி வைப்பாள், விளிம்புக்கு ஒரு விரல் குறைவாக. சிந்தினால் அன்றைக்கு விமானத்துக்குள் கிடக்கும் மீன் செதிலை அவன்தான் கழுவ வேண்டும். முதல் கோடை முழுக்க ஐலிஃப் கழுவினான். இரண்டாம் கோடையில் பாதி. மூன்றாம் கோடையில், பக்கக் காற்று அடிக்கும்போது இறக்கினாலும் பயணியாக வந்து பின்னால் தூங்குகிற பாதிரியார் விழிக்க மாட்டார். இன்னொரு சட்டமும் உண்டு. ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்னும் பின்பக்கம் முகத்தைத் திருப்பி, "இப்போ லேசா சாயப் போறோம், பயப்பட வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். யாரோ ஒருத்தன் மீன் பெட்டிக்குள் வாந்தி எடுத்ததிலிருந்து வந்த சட்டம் அது.

ஆனால் ஐயாவுக்கு வேண்டியது போர் விமானம். ஏரிக்கு மேல் ஒன்று கத்திக்கொண்டு போனால் போதும், பம்பைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பிளந்து நிற்பான். கடைசியில் விமானப்படைக்கு விண்ணப்பம் போட்டான். ஏற்கெனவே பறக்கத் தெரிந்தவன் என்று தேர்வுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். நீந்தத் தெரிந்தவனைச் சேர்த்துக்கொண்டு, நீந்துகிற விதம் பிடிக்கவில்லை என்று சொன்ன கதைதான்.

தேர்வுப் பறப்பு. பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி, முப்பது வருஷம் போர் விமானம் ஓட்டியவர், திடீரென்று "இடது!" என்று கத்தினார். கத்தின மாத்திரத்தில் விமானம் திரும்பியிருக்க வேண்டும். நம்ம ஆள் மரியாதையாக அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, "இப்போ லேசா சாயப் போறோம், பயப்பட வேண்டாம்" என்றான். அதிகாரி தாளில் இரண்டே வார்த்தை எழுதினார்: பயணிகள் கை. பத்து நாள் கழித்து இன்னொரு தடவை வரச் சொன்னார்கள். அந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிகிறது. மூன்றாவது தடவை கிடையாது.

தங்கப் பட்டை இல்லாமல் ஏரிக்கரைக்கு வந்து நின்றான்.

"ஒட்வார், நீ என்கூட ஏறி வரணும். கையில காப்பியோட."

"எதுக்குடா?"

"சிந்தணும்."

"அதுக்கு விமானம் எதுக்கு? இங்கயே ஊத்து, நான் பாக்கிறேன்."

ஐலிஃப் சிரிக்கவில்லை. இந்தத் தடவையும் தோற்றால், சாகிற வரைக்கும் மீன்பிடிக்க வருகிறவனுக்கெல்லாம் பயப்பட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கிடக்க வேண்டியதுதான் என்றான். ஏன், அது என்ன கேவலமா, நான் இங்கே முப்பது வருஷமாக என்ன பிடுங்கிக்கொண்டிருக்கிறேன் என்று ஒட்வார் திருப்பிக் கேட்டான். அந்தக் கரையில் திட்டாமல் பேசினால்தான், உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். ஆனாலும் ஏறினான். பாசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இவன் தோற்றுத் திரும்பினால் தினமும் பம்பு பக்கத்தில் நின்று பெருமூச்சு விடுவான். அதைக் கேட்கிற தெம்பு ஒட்வாருக்கு இல்லை.

முதல் நாள் ஒட்வார் கோப்பையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு "இடது!" என்று கத்தினான். "இப்போ லேசா..." என்று ஆரம்பித்தது ஐலிஃபின் வாய். ஸ்பானரால் முட்டியில் ஒரு தட்டு. இரண்டாம் நாள் வாய் அடங்கிவிட்டது, கை அடங்கவில்லை. விமானம் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி சாய்ந்தது; காப்பியில் ஒரு சுழிகூட இல்லை. ஒட்வார் அதைக் குடித்துவிட்டு இறங்கினான். கரையில் இடுப்பில் கை வைத்து நின்ற குன்வோர், "மூணு வருஷமா நான் வளைச்ச கைய மூணு நாள்ல நிமுத்தப் பாக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் ஒட்வாருக்குப் பொறுமை போய்விட்டது. குடுவையிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொண்டு ஆரம்பித்தான்.

"உன்னைப் போர் விமானத்துல ஏத்தினா எதிரிகிட்டயே போய், பயப்பட வேண்டாம்னு சொல்லுவே. நீ எல்க் கறி ஏத்துறவன்டா. கறி உன்னைப் பத்திப் புகார் சொல்லாது. அதான் உனக்கு ஏத்த ஆளு. இடது!"

ஏரி அப்படியே எழுந்து சன்னலில் நின்றது. ஐலிஃப் விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளினான். காப்பி கோப்பையை விட்டு மொத்தமாக மேலே எழும்பியது. காற்றில் ஒரு கணம் நின்று யோசித்தது. பிறகு ஒட்வாரின் வலது தொடைதான் சரியான இடம் என்று முடிவு செய்தது.

ஒட்வார் அலறினான். ஐலிஃப் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "சிந்திட்டேன், சிந்திட்டேன்" என்றான். காலைத் திரும்பிப் பார்த்தானா? இல்லை. மறந்துவிடுமோ என்று வலப்பக்கமும் ஒரு தடவை செய்து பார்த்தான்.

தேறிவிட்டான். பயிற்சிக்கு வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள், நெஞ்சில் இறக்கைச் சின்னம் குத்தினார்கள், பத்திரிகையில் நாயோடு படம் வந்தது. அதற்கப்புறம்தான் வேடிக்கை. போர் விமானம் கிடைக்கவில்லை. முன்பு ஆள் ஏற்றிப் பழக்கம் உண்டே என்று சரக்கு விமானத்தில் போட்டார்கள். கூடாரம், சிப்பாய், உருளைக்கிழங்கு மூட்டை. அந்தக் குளிர்காலம் முழுக்க ஒட்வாருக்கு உடம்பு நன்றாக இருந்தது. உருளைக்கிழங்கை வேகவைக்கும்போதெல்லாம், பயப்பட வேண்டாம் என்று அதனிடம் சொல்வான்.

போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் காலை, மிதவையில் குப்புறப் படுத்து இறைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஐலிஃப். இப்போது கேப்டனாம். காயம்பட்டவர்களைக் கட்டிலோடு ஏற்றிப் போகிற விமானத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம், அவனுக்கு அது வேண்டுமாம். ஒத்திகைக்கு ஒரு தடவை பறந்தபோது, கூட வந்த டாக்டர் இறங்கிப் போய்ப் புகார் எழுதிவிட்டாராம்: திருப்பத்துக்குத் திருப்பம் படுத்திருந்தவன் முனகினான், இவன் கை முரட்டுக் கை. இரண்டு வாரத்தில் மறுபடி பரிசோதனை.

ஒட்வார் பம்பை நிறுத்தினான்.

"தொடை நல்லா இருக்கு. கேட்டதுக்கு நன்றி."

எழுந்து மிதவைமேல் உட்கார்ந்தான்.

"போர் விமானம் வேணும்னே. இப்போ கட்டில் தூக்கணுங்கிறே," என்றான் ஒட்வார். "உனக்கு என்னதான்டா வேணும்?"

"போன மாசம் எங்க சரக்கு விமானத்துல ஒரு சிப்பாய்ப் பையனைத் தூக்கிட்டு வந்தோம். ரெண்டு காலும் போச்சு. ஏத்தும்போது என் சட்டையைப் பிடிச்சிக்கிட்டு பயமா இருக்குன்னான். எனக்குச் சொல்ல வாயே வரல ஒட்வார். அந்த வார்த்தை மறந்தே போச்சு."

ஒட்வார் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வசை ஒன்று தொண்டை வரைக்கும் வந்தது; அதை அங்கேயே வைத்துக்கொண்டான்.

"குன்வோர்கிட்ட கேட்டுட்டேன், சனிக்கிழமை விமானம் தர்றா," என்றான் ஐலிஃப். "காப்பி போட்டு வை. ஒரு விரல் எல்லாம் விடாதே, விளிம்பு வரைக்கும் ஊத்து. அப்புறம் ஒட்வார், மீனவனுங்க போடற ரப்பர் கால்சட்டை இருக்கில்ல, அதைப் போட்டுக்கிட்டு வா."