விழுந்தவனைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்

குளிர்காலத்து ஞாயிறு மாலை ஏழு மணிக்கு, பாரிஸை ஒட்டிய லா கூர்னெவ்வில் எங்கள் வீட்டு யன்னலுக்கு வெளியே நன்றாக இருட்டிவிடும். தொலைக்காட்சியில் மட்டும் அமெரிக்காவின் மதிய வெயில் எறிக்கும். தலைக்கவசமும் தோள்கவசமும் போட்ட மனிதர்கள் ஒருவரையொருவர் முட்டி விழுத்துவார்கள். பந்தைக் காலால் தொடுவதே அரிது. ஆனால் அதற்கும் பெயர் ஃபுட்போல். மகளுக்குத் தொலைக்காட்சியில் ஃபுட்போல் வேலை என்று மேல்மாடிப் பிரெஞ்சுக்காரரிடம் சொன்னபோது, பாரிஸ் அணியின் ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

மகள் துளசி இங்கே பிறந்தவள். ஒரு விளையாட்டு அலைவரிசையில் அந்த ஆட்டப் பருவத்துக்கு மட்டும் ஒப்பந்த வேலை. அமெரிக்க ஆட்டங்களின் காட்சிகளை வெட்டி ஒட்ட வேண்டும். பெரிய மோதல் என்றால் மெதுவாக ஓடவிட்டு, பல கோணங்களில் அடுக்கிக் கொடுக்க வேண்டும். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் நான் வேலை செய்யும் பலசரக்குக் கடைக்கு வருகிற எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு, பந்தைப் பிடிக்க எகிறிய இளைஞன் ஒருவனை எதிரணிக்காரன் தலையால் இடித்தான். விழுந்தவன் எழும்பவில்லை. ஒரு கை மட்டும் வானத்தைப் பார்த்து விறைத்து நின்றது. வர்ணனையாளர் "ஊலாலா!" என்று குதூகலித்தார். உடனே உருளைக்கிழங்குப் பொரியல் விளம்பரம். அது முடிந்ததும் அதே இடி, மெதுவாக. பக்கவாட்டிலிருந்து, மேலிருந்து, பிறகு முகத்துக்குக் கிட்டவாக.

மனைவி எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். இரண்டாயிரத்து ஒன்பதில் அவளுடைய தம்பி வன்னியில் போருக்குள் அகப்பட்டிருந்தான். அங்கிருந்து வந்த காட்சிகளை நிறுத்தி நிறுத்தி, தரையில் கிடந்தவர்களின் முகங்களில் அவனைத் தேடியிருக்கிறோம். அவன் இன்றுவரை கிடைக்கவில்லை. நாங்கள் ஒரு முகத்துக்காகத் திருப்பிப் பார்த்தோம். இவர்கள் எதற்காகப் பார்க்கிறார்கள்?

மறுநாள் துளசி வந்ததும் கேட்டேன்.

"அந்தப் பெடியன் உயிரோடை இருக்கிறானோ?"

"தெரியாது பப்பா. நான் அடுத்த மட்ச்சுக்குப் போயிட்டன்."

"அதை மெதுவாக் காட்டினது ஆர்?"

"நான்தான். செ மோன் திராவாய்."

அது அவளுடைய வேலையாம். மனைவி குசினி வாசலுக்கு வந்தாள். "உன்ரை மாமாவையும் நாங்கள் உப்பிடித்தான் நிப்பாட்டி நிப்பாட்டித் தேடினனாங்கள்" என்று தொடங்கி, அதுவரை மகளுக்குச் சொல்லாத எல்லாவற்றையும் சொன்னாள். துளசி கழற்றாத மேலங்கியோடு கேட்டுக்கொண்டே நின்றாள்.

பருவம் முடிந்ததும் மேலதிகாரி, ஆண்டின் மிகச் சிறந்த மோதல்களைப் பாட்டோடு தொகுக்கச் சொன்னார். அவள் அந்த இடியைச் சேர்க்கவில்லை. விழுந்தவன் நடக்கத் தொடங்கிவிட்டானே, இனி விளையாட மாட்டான் அவ்வளவுதான், இதிலென்ன பிரச்சினை என்று கேட்டாராம். அவள் மறுத்துவிட்டாள். வேறொருவர் சேர்த்தார். அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் கடைக்கு வந்தபோது, என்னோடு வேலை செய்யும் சிவம் அண்ணை விடவில்லை. "ஏன் பிள்ளை, ரீவி வேலையை ஆரும் விடுவினமோ?"

"அங்கிள், அது வந்து..." தமிழ் அதற்குமேல் வரவில்லை. "செ தெகுலாஸ்" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "தமிழிலை என்னெண்டு சொல்லுறது?"

அருவருப்பு என்பதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. அது புத்தகத்துச் சொல். ஊரில் சொல்வதுபோல் "அரியண்டம்" என்று அவள் காதோடு சொன்னேன்.

"ஓம். அரியண்டம்."

பிரெஞ்சுக்காரர் போல ரகரத்தைத் தொண்டைக்குள் உரசிச் சொன்னாள். சிவம் அண்ணை விளங்காமல் என்னைப் பார்த்தார். எங்கள் ஊர்ச் சொல்லை எங்கள் ஊர்க்காரருக்கு நான் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.