தன் வீட்டுப் புடவையை ஏலத்தில் எடுத்தவர்

நம் பொருளை நாமே ஏலத்தில் எடுத்தால் கமிஷன் உண்டா? நேற்று எனக்குப் பதில் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா, தான் நெய்த பட்டுப்புடவையை முதல் முறையாக இணைய ஏலத்தில் விட்டிருந்தாள். தளத்தின் கமிஷன் போகக் கையில் என்ன நிற்கும் என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கணவர் ஜெயராஜ் அண்ணன் சிரித்தபடி வந்தார்.

"எவனோ கம்மியா கேட்டுகினு இருந்தான். வுட்ருவனா? என் போன்லருந்து நானே ஏத்தி எடுத்துட்டேன்!"

"இது இன்னா சர்ச்சுல அறுப்புப் பண்டிகை ஏலமா, நாம குடுத்த பூசணிக்காய நாமளே எடுக்க? நான் விக்கத்தானய்யா போட்டேன்!"

"ஏலம்னா ஏலந்தான?"

இன்று தளம் கமிஷனைப் பிடித்துக்கொண்டது, அனுப்பாத பார்சலின் செலவுக்கும் சேர்த்து. விற்றவருக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று அண்ணனிடம் கேட்டது.

நான்கு கொடுத்தார். ஒன்று ஏன் குறைந்தது என்று அந்த வீட்டில் விசாரணை நடக்கிறது.