அத்தை கொட்டிய மீன் குழம்பு

நேற்று வைத்த மீன் குழம்பைக் கொட்டுகிறவர்களை நான் இன்றும் மன்னிப்பதில்லை. மீன் குழம்பு வைப்பதே மறுநாள் சாப்பிடத்தானே? மந்தைவெளியில் எங்கள் வீட்டில் ஞாயிறு வைத்ததை இரவில் சுண்டக் காய்ச்சி வைத்தால், திங்கள் காலை இட்லிக்கு அதன் ருசியே வேறு. அந்தக் குழம்பைத்தான், அதுவும் வஞ்சிரத் தலையோடு, என் அத்தை ஒரு திங்கட்கிழமை கொட்டிவிட்டாள்.

தலை எனக்குத்தான் என்று பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்கும்போதே அப்பா சொல்லியிருந்தார். பல் விளக்கிவிட்டு வந்தால் சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"கெட்டுப் போச்சுடி. சட்னி தொட்டுக்கோ" என்றாள் அத்தை.

எதிர்த்துப் பேச முடியாது. அப்பாவின் தங்கையான அவள்தான் எங்கள் வீட்டு மூக்கு. பால் திரியப்போவதை அடுப்பில் ஏற்றும் முன்பே சொல்லிவிடுவாள். ஃப்ரிட்ஜிலிருந்து எதை எடுத்தாலும் அம்மா மூடியைத் திறந்து அவளிடம் நீட்டுவாள். அவள் தலையசைத்த பிறகுதான் அது எங்கள் தட்டுக்கு வரும். ஆனால் பெருங்குடி ஆபீஸிலிருந்து வரும் வழியில் கிண்டியில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, பின்மண்டை வீங்க வந்ததிலிருந்து அவள் போக்கே சரியில்லை. சாம்பார், தயிர், மாவு என்று எல்லாம் குப்பைக்குப் போனது. அம்மா முணுமுணுத்ததோடு சரி. மீன் குழம்பில் கை வைத்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது.

பின்பக்கம் ஓடினேன். எனக்கு வரவேண்டிய தலையைப் பூனை கடித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து முதல் வேலையாக அந்தப் பூனையைத் தேடினேன். அப்பாவின் பைக் சீட்டில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சாயங்காலம் எல்லார் முன்னாலும் முறையிட்டேன்.

"பூனைக்கு ஒண்ணுமே ஆவல, நல்லாத்தான் கீது. அத்தை பொய் சொல்லுது!"

அப்பா சிரித்தார். "இன்னாம்மா, வண்டிலேந்து விழுந்ததுல மூக்கும் அடி வாங்கிச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா" என்ற அத்தை, ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். இன்னொரு தடவை ஏதாவது என்றால் வண்டியும் வேண்டாம், வேலையும் வேண்டாம் என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார்.

அடுத்த ஞாயிறு அவளே போய் வஞ்சிரம் வாங்கி வந்தாள். திங்கள் காலை யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, சட்டியை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"நீயே மோந்து பாரு. இனிமே நீ சொல்றதுதான்."

தோற்றுவிட்டாள் என்று துள்ளினேன். அன்றிலிருந்து பால், தயிர், மாவு எல்லாம் என்னிடம்தான் வந்தன. அடுப்பு பற்ற வைக்கும் முன் சில சமயம், "கேஸ் வாசனை எதுனா வருதா பாரு" என்பாள். நானும் மூக்கைத் தூக்கிப் பார்த்துப் பெரிய மனுஷி மாதிரி பதில் சொல்வேன்.

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் காய்ச்சலில் எனக்கு வாசனையே போய்விட்டது. மீன் குழம்புகூட மண்ணாக இருக்கிறது என்று அத்தையிடம் போனில் அழுதேன்.

"பழகிடும்டி" என்றாள். "எனக்கு அந்த கிண்டில விழுந்ததுலேந்தே இல்ல. சொல்லியிருந்தா உங்கப்பன் சாவிய வாங்கிக்கினு வீட்லயே உக்கார வெச்சிருப்பான். நாளைக்கு உனுக்கு வயித்த வலிச்சா யாரு பதில் சொல்றது? அதான் எல்லாத்தையும் கொட்டினேன்."

எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. அடிபட்டவளை டாக்டரிடம் காட்டாமல் சாவியைக் காட்டி மிரட்டினால் அவள் எப்படிச் சொல்வாள்? ஒன்றுக்கு மூன்றாக நல்ல மூக்கு இருந்த வீட்டில், ஒருவருக்குமா இது தெரியவில்லை? வழக்கில் ஜெயித்துவிட்டதாக நினைத்து நான் வேறு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அவள் வண்டி ஓட்டி வேலைக்குப் போய்வந்த அத்தனை நாளும், வீட்டில் அவளுடைய மூக்காக இருந்தது நான்தான் என்பது எனக்கே தெரியாது.