முதலில் அழுதவள்

உப்புவெளியில், கடற்கரைக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கைக்காரர் கும்பிட்ட கடல்தெய்வத்துக்கு ஒரு பெயர் இருந்தது. யாரும் அதை வாயால் சொல்வதில்லை. பெரியவ என்போம். கரையோரத்துத் தாழம்புதருக்குக் கீழே, முகம் செதுக்காத கருங்கல்தான் அவள். மற்றச் சாமிகளிடம் வரம் கேட்பவர்கள் அவளிடம் ஒன்றும் கேட்பதில்லை. பொலிசைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்குகிறவனைப்போல, அவசரமாகக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கொஞ்சம் தள்ளி, விடுதிகளில் தங்கிய வெள்ளைக்காரர்கள் கடலில், அவள் மடியிலேயே மல்லாந்து மிதக்கும்போது நான் பார்க்காமல் திரும்பிக்கொள்வேன்.

உப்புத் தண்ணீரெல்லாம் பெரியவவுக்குச் சொந்தம். கண்ணீரும்தான். கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டில் எவராவது அழுதால், ஆளை நீயே வைத்துக்கொள் என்று அந்த வீடு அவளிடம் கொடுத்துவிட்டதாக அர்த்தம்.

எனக்கு எட்டு வயதில், மீன்பிடிக்கப் போன சித்தப்பாவின் வள்ளம் திரும்பவில்லை. அப்பாவின் தம்பி அவர்; எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார். கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அன்று தனியாகத்தான் போயிருந்தார்.

முதல் நாளே அப்பா எல்லோரையும் கூப்பிட்டார்.

"ஒருத்தரும் அழப்படாது. விளங்கினதோ?"

சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். வீட்டுத் தொட்டாற்சிணுங்கி நான்தான். அன்றிலிருந்து எங்கள் குசினியில் வெங்காயம் வெட்டவில்லை. பக்கத்து வீட்டு மாமி வெட்டி, மூடி போட்டு, வேலிக்கு மேலால் தருவார். இளகிய மனசுக்காரிகள் எவரும் படலை தாண்டாமல் அம்மா காவல் நின்றார். சித்தி நேரம் தவறாமல் சித்தப்பாவின் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு மூடி வைத்தார்; பிறகு அதைக் கோழிகளுக்குக் கொட்டிவிட்டு, கழுவி, மறுபடி போட்டார். சித்தப்பாவின் ஃபோனுக்கு எடுப்பார். ஒரு பெண்குரல் மூன்று மொழியிலும் தொடர்புகொள்ள முடியாதென்று சொல்லும். மூன்றையும் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.

நேவிக்குச் சொன்னார்கள். தேடிப்போன ஊர் வள்ளங்கள் வெறுமையாய்த் திரும்பின. எட்டாம் நாள் கிண்ணியாவிலிருந்து ஒரு மீன்பிடிகாரர் நீல மண்ணெண்ணெய்க் கான் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் பிடியில் சித்தி கட்டிவிட்ட சிவப்புத் துணி அப்படியே இருந்தது.

"தண்ணியில மிதந்து வந்தது. உங்கட தம்பிடதானே?"

"ஓம்," என்றார் அப்பா. "கை தவறி விழுந்திருக்கும். அவன் வருவான்."

வந்தவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார். அவர் போனபிறகும் கான் கை தவறி விழுந்த கதையையே கதைத்துக்கொண்டிருந்தோம். ஒருவர்கூட நம்பவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

மறுநாள் காலை சித்தி அலுமாரியைத் திறந்து, சித்தப்பாவின் சேட்டுகளை உதறி மடித்து, திரும்ப அடுக்கினார். நான் அலுமாரி விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்து நின்றேன். சித்தி கதவைச் சாத்தினார். என் நடுவிரல் நசுங்கியது.

நான் கத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடி, வாளிக்குள் முகத்தை அமுக்கினேன். நல்ல தண்ணீரில் கலந்தால் பெரியவவுக்குத் தெரியவராது என்று நினைத்தேன். பின்னால் வந்த சித்தி என் தலையைத் தூக்கினார். கண்களைப் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"அக்கா, பிள்ளை அழுதிட்டாள்."

சொல்லிவிட்டு ஈரத்திலேயே விழுந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஓடிவந்த அம்மாவும் அழுதார். அப்பா கிணற்றுக்கட்டைப் பிடித்தபடி கேவினார். வேலிக்குப் பின்னால் காத்திருந்ததுபோல ஒழுங்கை முழுவதும் வந்து நிறைந்தது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். நான் அழுது சித்தப்பாவைக் குடித்துவிட்டேன்.

பின்னேரம் அவருடைய சேட்டொன்றைப் பெரியவவின் கல்லடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் வந்தார்கள். உடல் கிடைக்கவே இல்லை. என்னை ஒருவரும் ஏசவில்லை, அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. எத்தனையோ வருடங்கள் நான் கொலைகாரியாகவே பள்ளிக்கூடம் போய்வந்தேன்.

அந்த அலுமாரி இன்றும் எங்கள் வீட்டில் நிற்கிறது. கடற்காற்றில் ஊதிப்போன கதவு, அன்றும் அப்படித்தான். நேரே முன்னால் நின்று இரண்டு கையாலும் அழுத்தினால்தான் மூடும். அழுத்துகிறவரின் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது அந்த விளிம்பு. அங்கே ஒரு பிள்ளையின் விரல்கள் இருந்தால் தெரியாமல் போகாது. முதலில் அழுது புருஷனைக் கொடுத்தவள் என்ற பெயரைச் சுமக்க சித்தியால் ஏலாது. அதற்குமேல் ஒரு நாள் அழாமல் இருக்கவும் ஏலாது.

கந்தளாயில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கு ஒரேயடியாகப் போகும்வரை, சித்தி தினமும் என் விரலுக்கு எண்ணெய் பூசினார். நகம் கறுத்து விழுந்து, புது நகம் வந்த பிறகும் பூசினார்.

"நோகுதா, பிள்ளை?"

"இல்லை, சித்தி."

சற்று நேரம் என் கையை விடாமல் இருந்துவிட்டு மறுபடியும் கேட்பார். விரலைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, நானும் விரலை மடக்கி நீட்டிக் காட்டுவேன்.